அட்டை இருக்கிறது, நாற்காலி எங்கே?

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத் தோப்புக்கும் கூலிக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால், காப்பீட்டு அட்டை பற்றிய பேச்சு வந்துவிடும். அட்டையைக் காட்டிய பிறகும் ஸ்கேனுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள் என்பார் ஒருவர். "இதை யாருகிட்ட போய்க் கேட்கிறது?" என்பார் இன்னொருவர். இந்தக் கேள்விக்கு எண்பது ஆண்டு வரலாறு உண்டு, தோழர்களே.

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அடுத்த மாதமே அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் அமர்ந்த முத்தரப்பு மாநாட்டை டெல்லியில் தலைமையேற்று நடத்தினார். தொழிலாளியைப் பற்றிய முடிவைத் தொழிலாளி இல்லாமல் எடுக்கக் கூடாது என்பதே அதன் பாடம். 1943இல் ஆலைத் தொழிலாளர்களுக்கான நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் தரப்பட்டது. 1944இல் அவரது அறிக்கை வந்தது. 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. அதன் கழகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் இருந்தது. மண்டல வாரியம், உள்ளூர்க் குழு என்று கீழ்மட்டத்துக்கும் சட்டம் வழி வைத்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் வெளியே நின்றார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர்கள் கைக்கு அட்டை வர 2009 வரை ஆனது. அந்த ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இத்திட்டம் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் உறுப்பினராக இருக்கும் தொழிலாளி இங்கே வெறும் 'பயனாளி'. குறைகேட்கும் குழு ஆட்சியர் தலைமையில் கூடுகிறது. புகார் சொல்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

"பிரீமியம் கட்டுவது அரசுதானே" என்பார்கள். செருப்பு போல வாங்கும் பொருள்களுக்கு வரி கட்டுவது யார்? ஈ.எஸ்.ஐ.யிலேயே மிகக் குறைந்த தினக்கூலி பெறுபவர் பங்குத்தொகை கட்ட வேண்டியதில்லை. அதனால் அவரது உறுப்பினர் உரிமை போய்விடவில்லை. தாய்லாந்து 2002இல் வரிப்பணத்தில் அனைவருக்கும் மருத்துவப் பாதுகாப்பு தந்தபோது, அதை நடத்தும் வாரியத்திலேயே மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மாவட்டந்தோறும் அட்டைதாரர் ஆலோசனைக் குழு. அதில் பாதிப்பேர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உறுதியான இடங்கள். கூட்டத்துக்கு வரும் நாளுக்குக் கூலி இழப்பீடு. இல்லையென்றால் கூலிக்காரர் வரமாட்டார், கட்சிக்காரர்தான் வருவார். எந்த மருத்துவமனை பணம் வாங்கியது, எந்தச் சிகிச்சை ஏன் மறுக்கப்பட்டது என்ற கணக்கு அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

அனுமந்தன்பட்டி பேரூராட்சி, இங்கே கிராம சபை கிடையாது. பகுதி சபா கூடும்போது இதை மனுவாக எழுதிக் கொண்டுபோவோம். அட்டை வாங்கியாயிற்று. இனி நாற்காலியைக் கேட்போம்.