கடலூர் – தேவனாம்பட்டினம்: கெடிலக் கழிமுகத்தின் இரட்டைக் கோட்டை நகரங்கள்

வங்கக் கடலில் கெடிலம் ஆறு கலக்கும் இடத்தில், ஆற்றுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, ஏறக்குறைய ஒரு மைல் இடைவெளியில் இருந்த இரண்டு அரண் ஊர்கள் தேவனாம்பட்டினமும் கடலூரும். வடக்கே தேவனாம்பட்டினத்தில் கோட்டை. ஆங்கிலேயர் அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். தெற்கே மதில் சூழ்ந்த வணிக நகரமாக இருந்தது பழைய கடலூர், இன்றைய கடலூர் முதுநகர். 1690 முதல் 1785 வரையிலான ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் மராத்தியர், முகலாயர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆற்காட்டு நவாப், மைசூர் ஹைதர் அலி ஆகிய அனைவரின் அரசியலும் இந்தக் கழிமுகத்தைத் தொட்டுச் சென்றது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கோட்டையைப் பற்றியே பேசுகின்றன. கிளைவ் அங்கே இருந்தார் என்பதே அதற்குப் போதிய காரணமாகிவிட்டது. கோட்டையில் இருந்தவை பீரங்கிகள். நகரத்தில் இருந்தவர்கள் வணிகர்களும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியை நம்பிப் பிழைத்த குடிகளும். இரண்டையும் ஒரே அமைப்பின் இரு பாதிகளாகப் பார்த்தால்தான் அங்கு நடந்த போர்கள் விளங்கும். ஒரு பாதியை இழந்தபோதெல்லாம் மறுபாதியையும் காப்பாற்ற முடியாமல் போனது, அல்லது அதைக் காக்கப் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆறுகளும் நிலமும்

கடலூர்க் கரையில் ஆறுகள் நெருங்கி வந்து கடலில் விழுகின்றன. நடுவில் கெடிலம். அதற்கு வடக்கே தாழங்குடா அருகே தென்பெண்ணை. தெற்கே முதுநகரை ஒட்டி உப்பனாறும் பரவனாறும். தேவாரத்தில் அப்பர் பாடிய திருவதிகை கெடிலக் கரை ஊர்தான். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூர் என்பது சைவ மரபு. அதை நினைவூட்டும் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர் இப்போதும் இருக்கிறது.

தென்பெண்ணையின் தொடர்பு இன்னும் தொலைவுக்குப் போகிறது. ஏற்காடும் வாழவந்தியும் இருக்கிற சேர்வராயன் மலையில் பிறக்கும் வாணியாறு, அரூர்ப் பக்கமாக இறங்கிப் பெண்ணையில் சேர்கிறது. அதே மலையின் தென்பக்கத்தில் பிறக்கும் திருமணிமுத்தாறு காவிரிக்குப் போகிறது. ஆக, மலையின் ஒரு சரிவில் பெய்த மழை கடலூருக்கும் மறு சரிவில் பெய்தது பூம்புகார்ப் பக்கமும் வந்து கடலைச் சேர்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காட்டிலும் கனமழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் டிசம்பர் முதல் வாரத்தில் கடலூரின் பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. புயல் ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேர்ந்தது. கழிமுக ஊர்களுக்கு இது பழகிய கதை.

18ஆம் நூற்றாண்டில் இந்தப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் பழைய கடலூரின் அமைப்பை விவரித்திருக்கிறார். வடக்குத் தெற்காகச் சுமார் 1,200 கெஜம், கிழக்கு மேற்காகச் சுமார் 900 கெஜம். மூன்று பக்கம் மதிலும் கொத்தளங்களும். கடல் பக்கம் பெரும்பாலும் திறந்தே கிடந்தது. கோட்டைக்கும் நகரத்துக்கும் நடுவே வரும் ஆறு, கடலைத் தொடும் முன் நகரத்தின் கிழக்கு ஓரமாகத் திரும்பி ஓடியது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. நான்காவது மதிலின் வேலையை ஆறும் மணலும் செய்தன. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தள்ளி நங்கூரமிட்டு, படகுகளில்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும்.

இரட்டை நகரம் என்ற வழக்கம்

ஆற்றுமுகத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காவிரி கடலில் கலக்கும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரு பகுதிகளாக இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடலை ஒட்டிய பகுதியில் வணிகரும் தொழிலாளரும் அயல்நாட்டாரும் இருந்தார்கள். உள்ளே தள்ளிய பகுதியில் அரசரும் பெருங்குடியினரும். நடுவில் சந்தை. ஐரோப்பியக் கற்பனையிலும் இதே வடிவம் வருகிறது. டோல்கினின் ‘சில்மரில்லியன்’ (1977) நூலில் எல்ஃப் இனத்தாரின் பிரிதோம்பார், எக்லரெஸ்ட் என்ற இரண்டு மதில் சூழ்ந்த துறைமுகங்கள் அடுத்தடுத்த இரு ஆறுகளின் முகத்தில் நிற்கின்றன. முடிவில் இரண்டும் ஒரே படையெடுப்பில் அழிகின்றன. டோல்கின் கற்பனை செய்ததை ஒத்த ஒன்று கடலூரில் உண்மையாகவே நடந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் கடலூர் நகரமும் 1758இல் ஒரு மாத இடைவெளியில் விழுந்தன.

குண்டு விழுந்த எல்லை

1608 வாக்கில் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை போட்டார்கள். பிறகு உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டிய சிறு கோட்டை அங்கே எழுந்தது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது இந்தப் பகுதியும் மராத்தியர் கைக்கு வந்தது. 1690இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகைக்கு வந்திருந்தார். எட்டு ஆண்டுகள் நீடித்த அந்த முற்றுகையைத் தாங்க ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினக் கோட்டை விலைக்கு வந்தது. வாங்க டச்சுக்காரர்களும் முயன்றார்கள். ஆங்கிலக் கம்பெனி வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தவர். கோட்டைக்கு வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் பெயர் கிடைத்தது.

விற்பனை ஒப்பந்தத்தில் எல்லையை அளந்த விதம் வியப்பானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு. கம்பெனியார் இதைச் சாதாரணமாக விட்டுவிடவில்லை. நல்ல பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் வேண்டும் என்று சென்னையிலிருந்து ஏற்பாடு நடந்தது. 1690 செப்டம்பரில் நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனி நிலமாயின. கடலூர் நகரமும் அதில் அடங்கியது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. கடலூருக்கு வடக்கே குண்டு உப்பலவாடி என்ற ஊராட்சி இன்றைக்கும் அந்த அடைமொழியைச் சுமந்திருக்கிறது. உழுதவனையும் நெய்தவனையும் மீன் பிடித்தவனையும் கேட்காமல், ஒரு பீரங்கியின் எட்டும் தூரத்தை வைத்து அவர்களின் ஆட்சி மாறியது. கம்பெனி ஆட்சி எப்படி வந்தது என்று விளக்க, தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை.

1746 முதல் 1752 வரை

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு மாறியது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்தவர்களில் இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவும் ஒருவர். கோட்டை சென்னைக் கோட்டையைவிடச் சிறியது, ஆனால் அதைவிட உறுதியாகக் கட்டப்பட்டிருந்தது. 1752 வரை தென்னிந்திய ஆங்கிலேயரின் தலைநகராக அதுவே இருந்தது. புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அதைக் கைப்பற்ற மீண்டும் மீண்டும் முயன்றார்.

1746 டிசம்பரில் வந்த பிரெஞ்சுப் படை பெண்ணையைக் கடந்து, மஞ்சக்குப்பத்தில் இருந்த ஆங்கில ஆளுநரின் தோட்ட மாளிகையைப் பிடித்துக்கொண்டது. நடந்து வந்த களைப்பில் வீரர்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் ஆங்கிலேயருக்குத் துணையாக ஆற்காட்டு நவாபின் குதிரைப்படை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அவசர அவசரமாக ஆற்றைத் தாண்டித் திரும்பினார்கள். 1747இல் நடந்த அடுத்த முயற்சி ஆங்கிலக் கப்பற்படையைக் கண்டதும் நின்றது.

மூன்றாவது முயற்சிதான் இரட்டை நகரத்தின் இயல்பை நன்றாகக் காட்டுகிறது. 1748 ஜூனில் துய்ப்ளே இம்முறை கோட்டையை விட்டுவிட்டு நகரத்தைக் குறிவைத்தார். நகரம் கைக்கு வந்தால் கோட்டை தனித்துப்போகும் என்பது கணக்கு. அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்து சேர்ந்திருந்த ஆங்கிலத் தளபதி மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்குச் செய்தி முன்பே கிடைத்தது. பகல் வெளிச்சத்தில், ஒற்றர்கள் பார்க்கும்படி, கடலூரிலிருந்து பீரங்கிகளையும் காவற்படையையும் ஆற்றுக்கு வடக்கே கோட்டைக்கு நகர்த்தினார். நகரத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற சேதி பிரெஞ்சு முகாமுக்குப் போனது. இருட்டியதும் அத்தனையையும் மறுபடி நகரத்துக்குள் கொண்டுவந்தார். நள்ளிரவில் ஏணிகளோடு மதிலண்டை வந்த பிரெஞ்சுப் படை, காலி என்று நினைத்த மதிலிலிருந்து குண்டுமழையைச் சந்தித்துச் சிதறி ஓடியது. ஒரு மைல் இடைவெளியில் இரண்டு அரண்கள் இருந்ததால் மட்டுமே இப்படிப்பட்ட தந்திரம் சாத்தியமானது.

இந்த ஆண்டுகளை மறுபக்கத்திலிருந்து பதிவு செய்தவர் புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கூடலூரும் (கடலூர்) தேவனாம்பட்டணமும் அடிக்கடி வருகின்றன. ஐரோப்பியத் தளபதிகளின் அறிக்கைகளில் கிடைக்காத சந்தை விலையும் வதந்தியும் சனங்களின் பயமும் அதில் கிடைக்கின்றன. இரட்டை நகரத்தின் வரலாற்றை எழுத முனைகிறவர் முதலில் திறக்க வேண்டிய ஏடு அதுதான்.

1758: இரண்டும் விழுந்தன

கிளைவ் 1756இல் செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநரானார். ஆனால் விரைவிலேயே வங்காளத்துக்குப் போய்விட்டார். 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கடலூர் நோக்கிப் படையை அனுப்பினார். அதே நாள் கடலூர்க் கரைக்கு அப்பால் பிரெஞ்சுக் கப்பல்களைக் கண்ட பிரிட்ஜ்வாட்டர், டிரைட்டன் என்ற இரு ஆங்கிலப் போர்க்கப்பல்கள், பகைவர் கையில் சிக்காமல் இருக்கக் கரையில் மோதி எரிக்கப்பட்டன. மறுநாள் இரு கப்பற்படைகளும் மோதிக்கொண்டதில் தெளிவான முடிவு ஏற்படவில்லை. முற்றுகைக்கான சுமைகளை இழுக்க ஆளும் மாடும் போதவில்லை. லாலி புதுச்சேரி மக்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். ஊர் கொதித்தது, அந்தக் கசப்பு அவருடைய பிற்காலத் தோல்விகள் வரை தொடர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நகரம் பணிந்தது. ஜூன் 2 அன்று கோட்டையும் பணிந்தது. லாலி கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்க உத்தரவிட்டார். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அந்த நகரத்தின் அரண்களையும் கட்டடங்களையும் இடித்ததற்குத் தேவனாம்பட்டினத்துக்குப் பழிவாங்கும் எண்ணமும் ஒரு காரணம். கடலூரை 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் மீட்டுவிட்டார். மதில் கொண்ட பழைய கோட்டை மட்டும் திரும்பவில்லை.

1783: சமாதானத்துக்குப் பிறகு ஒரு போர்

அதன் பிறகு நகரம் தனியாகவே நிற்க வேண்டியிருந்தது. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து வந்தபோது கடலூர் எளிதில் கைமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் அரண்களை ஓரளவு செப்பனிட்டார்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயரின் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பெரும்படையோடு வந்தார். உள்ளே இருந்தவர் முதிய பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13 அன்று நடந்த மோதலில் ஆங்கிலேயர் பக்கம் இறந்தவரும் காயம்பட்டவரும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரன் 15 கப்பல்களோடு ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்கொண்டார். குடிநீரின்றியும் சொறிகரப்பான் நோயாலும் தளர்ந்திருந்த ஆங்கிலக் கப்பற்படை சென்னைக்கு ஒதுங்கியது. சுஃப்ரன் தன் கப்பல் வீரர்களையே கரையில் இறக்கி நகரத்துக்குத் துணை அனுப்பினார். ஜூன் 25 அன்று புஸ்ஸியின் வீரர்கள் மதிலை விட்டு வெளியேறித் தாக்கித் தோற்றார்கள்.

மாத இறுதியில் மெடியா என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடியோடு சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் அந்த ஆண்டு ஜனவரியிலேயே சமாதான முன்னுடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. செய்தி இங்கே வந்து சேர ஐந்து மாதம் பிடித்தது. கடலூர் மணலில் விழுந்தவர்கள் முடிந்துபோன போரில் உயிர்விட்டவர்கள். அவர்களில் கணிசமானவர்கள் இருபுறமும் சிப்பாய்களாக நின்ற இந்நாட்டவர். முற்றுகையின் நினைவு ஆங்கில, பிரெஞ்சுக் கப்பற்படை வரலாறுகளில் மட்டும் விரிவாக எழுதப்பட்டிருப்பது நியாயமல்ல.

1785இல் கடலூர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதற்குள் சென்னை அசைக்க முடியாத தலைநகராகிவிட்டது. பிறகு கடலூர் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமானது. நிர்வாகம் மஞ்சக்குப்பத்துக்கும், பேட்டை திருப்பாதிரிப்புலியூருக்கும், படகும் சரக்கும் முதுநகருக்கும் என்று ஊர் மூன்று மையங்களாகப் பிரிந்தது. கடலூரில் வழி கேட்டால் இன்றும் முதுநகரா, திருப்பாதிரிப்புலியூரா என்று முதலில் திருப்பிக் கேட்பார்கள்.

இன்று எஞ்சியிருப்பவை

தேவனாம்பட்டினத்தில் ஆற்றோரமாகக் கோட்டையின் சிதைந்த சுவர்த் துண்டுகள் இருக்கின்றன. வெள்ளிக் கடற்கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் பார்ப்பதில்லை. மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகை மாவட்ட ஆட்சியரின் இல்லமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. இரட்டை நகரக் காலத்துக் கட்டடங்களில் உயிரோடு இருப்பவற்றில் அதுவும் ஒன்று. நகருக்கு மேற்கே செம்மண் மேடு கேப்பர் மலை என்று ஒரு கம்பெனி அதிகாரியின் பெயரால் வழங்குகிறது.

முதுநகரில் துறைமுகம் இயங்குகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஓர்ம் எழுதிய அதே மணல்பட்டையில் சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி ஆகிய மீனவ ஊர்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினமும் இந்த மணல்பட்டை ஊர்களும் கடுமையாக அடிபட்டவற்றில் அடங்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து முந்திரித் தோப்புகளையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

குண்டு கிராமங்களின் எல்லையை ஊர் ஊராக நடந்து, வருவாய்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு வரைபடமாக்கும் பணி செய்யத் தக்கது. கோட்டைச் சுவர்கள் கரைந்தாலும் அந்த எல்லை ஊர்ப்பெயர்களிலும் நிலக் கணக்குகளிலும் தடம் விட்டிருக்கிறது. கடலூரின் கல்லூரி வரலாற்றுத் துறைகளுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வேலை.