எட்டுக்கு நாலு: ஒரு பலகை மேசையான கதை

திருவண்ணாமலை மரக்கடையில் சுவரோடு சாய்ந்து நிற்கும் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டின் பூர்வீகம் அமேசான் காடு. 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் திரட்டிய சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1902ல், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் உருவானது. அதே எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கும் பெரும்பாவூர், இன்று ரப்பர் மரத்தைப் பிளைவுட்டாக்கும் ஆலைகளின் ஊர்.

ரப்பர் மரம் ஏழு வயது வாக்கில் பால் தரத் தொடங்கும். இருபத்தைந்து, முப்பது வயதானதும் பால் குறைந்துவிடும். வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் அப்படி விழுந்த மரம் விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும்தான் போனது. வெட்டிய சில நாளில் பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும் என்பதால் அதை யாரும் நம்பவில்லை. ஆலை அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. கட்டையை இரு முனையிலும் பிடித்துச் சுழற்றுவார்கள். நீளமான கத்தி ஒன்று அதன்மேல் படிய, மரம் மெல்லிய தோலாக உரிந்து வரும். அதைக் காயவைத்து, பசை தடவி, ஒரு தோலின் ரேகை நீளவாக்கில் என்றால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் அடுக்கி, சூட்டோடு அழுத்துவார்கள். மரம் ஈரம் குடித்தால் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். அடுக்குகள் மாறி மாறிக் கிடப்பதால் ஒன்றின் விரிவை இன்னொன்று பிடித்து நிறுத்துகிறது. அறுத்த மரத்தில் கிடைக்காத நாலடி அகலம் இப்படித்தான் கிடைக்கிறது.

பிளைவுட் தொழில் தோட்ட மரத்துக்கு இவ்வளவு வேகமாக வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அதன் தொடக்கம் தமிழ்நாட்டில். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதையும் நிறுத்தியது. தேயிலைப் பெட்டி செய்து வளர்ந்த அசாம் பிளைவுட் ஆலைகள் பல மூடப்பட்டன. தொழில் உழவர் நட்ட மரத்தைத் தேடிப் போனது. ஹரியானாவின் யமுனாநகர் பாப்லர் மரத்தால் பெருகியது. கேரளம் ரப்பரால் பெருகியது. தமிழ்நாட்டில் தைலமரமும் மலைவேம்பும் இந்த வேலைக்கு வந்தன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பை உழவர்களிடம் கொண்டுசேர்த்தது. காட்டைக் காக்க வந்த உத்தரவு வளர்த்த ஷீட் இது. அதைக் கோணலாக வெட்டி மூலையில் எறிவது எனக்குப் பொறுக்காத காரியம்.

பாலக்காட்டுக் கணவாய், கோவை, சேலம், அரூர், ஊத்தங்கரை, செங்கம் என்று லாரியில் வந்து ஷீட் திருவண்ணாமலையில் இறங்குகிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் முகத்தை அல்ல, விளிம்பை. இடைவெளி இல்லாமல் அடுக்குகள் நெருங்கி நிற்கிறதா, ஐ.எஸ். 303 முத்திரையோடு பி.டபிள்யூ.ஆர். என்ற தரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கொதிநீரைத் தாங்கும் பசை என்பது அதன் பொருள். பிறகு நாள் பார்க்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் ஊருக்குள் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். அதற்கு முன்பே குட்டியானையில் ஏற்றி வீடு சேர்த்துவிடுவது நல்லது.

வீட்டில் ஷீட்டுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வெறும் தரை. தமிழ்த் தச்சர் தரையில் அமர்ந்து வேலை செய்த மரபு பெரியது. கட்டையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்து, உளியும் கொட்டாப்புளியுமாக இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டவர்கள் அவர்கள். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் வரும் தேர்களின் சிற்பங்கள் அந்த மரபின் செல்வம். கைரம்பத்துக்கும் உளிக்கும் தரையைவிட உறுதியான பட்டறை கிடையாது. ஆனால் 18 மில்லி ஷீட் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். அதை வெட்ட இன்று வருவது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் வட்டு. காலால் பிடிக்கும் பிடி இங்கே செல்லாது.

அந்த இடைவெளியை நம் தச்சர்கள் தங்கள் வழியில் நிரப்பினார்கள். கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மர வட்டைப் பூட்டி, ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி, மேலே எட்டிப் பார்க்கும் வட்டின்மீது பிளைவுட்டைத் தள்ளுகிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், குறைந்த செலவில் நேராக வெட்டுகிறது. ஆனால் வட்டுக்கு மூடி இல்லை. வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் தகடும் பின்னால் இல்லை. பிளவு இறுகினால் வட்டு பலகையைத் தச்சரின் வயிற்றுக்கே திருப்பி எறியும். பலகையைத் தள்ளிய கை வட்டை நோக்கிப் போகும். விரல் இழந்த தச்சர்கள் நம் ஊர்களில் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

டிராக் சா என்ற கருவி இதே கணக்கைத் திருப்பிப் போட்டது. பலகை அசையாமல் கிடக்கும், ரம்பம் ஓடும். ஜெர்மனியில் 1925ல் ஆல்பர்ட் ஃபெட்சரும் காட்லீப் ஷ்டோலும் தொடங்கி இன்று ஃபெஸ்டூல் என்று அறியப்படும் நிறுவனம், 1960களில் கைவட்ட ரம்பத்துக்கு ஓர் அலுமினிய டிராக்கைக் கொடுத்தது. டிராக்கின் ஓரத்தில் ஒரு ரப்பர் நாடா உண்டு. முதல் ஓட்டத்தில் ரம்பமே அந்த நாடாவைத் தன் வட்டுக்கு ஏற்ப நறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு நாடாவின் விளிம்பு எங்கேயோ வெட்டும் அங்கே. கோட்டின்மேல் வைத்தால் போதும். அரை நூல்கூடத் தள்ளாது. மைக்காவை மேலிருந்து அழுத்திப் பிடிப்பதால் சில்லும் பெயராது. தூசியை உறிஞ்சக் குழாய் பூட்ட இடம் இருக்கிறது. மரத்தூசியை 1995ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. மூடிய அறைக்குள் வார்ட்ரோப் செய்பவருக்கு அந்தக் குழாய் அவசியம்.

இடமும் மிச்சமாகிறது. மேசை ரம்பத்தில் எட்டடி ஷீட்டைத் தள்ள முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். டிராக் சாவுக்கு ஷீட் கிடக்கும் இடமும் அதைச் சுற்றி நடக்க வழியும் போதும். மாட வீதியை ஒட்டிய சந்து வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் இந்த ரம்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வட்டு பலகையைத் தாண்டி இரண்டு மூன்று மில்லி கீழே இறங்கும். வெட்டின் இரு பக்கமும் தாங்கல் இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் தொங்கினால் வெட்டு முடியும் தறுவாயில் துண்டு ஒடிந்து விழும். நடுவில் தொய்ந்தால் பிளவு வட்டை இறுக்கும், ரம்பம் பின்னோக்கி உதைக்கும். ஆகவே இதற்கான மேசை தட்டையாக இருக்க வேண்டும், தன்மேல் வெட்டு விழுவதை ஏற்க வேண்டும், வெட்டும் வழியில் ஆணியோ திருகோ இருக்கக் கூடாது. ஐரோப்பியத் தொழிற்சாலை மேசைகளில் 20 மில்லி துளைகள் 96 மில்லி இடைவெளியில் வரிசை வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் அலமாரித் தொழில் 32 மில்லி அளவு முறைக்கு மாறியது. 96 அதன் மும்மடங்கு. நிரந்தரப் பட்டறை வைத்திருப்பவர் அப்படிப்பட்ட மேசையை வாங்கலாம். வீடு வீடாகப் போய் வேலை செய்பவருக்கு, வந்திறங்கிய ஷீட்டே மேசை ஆகலாம்.

நம் ஷீட்டின் அடுத்த பிறவி அதுதான். முதல் வெட்டுக்குத் தரைதான் கைகொடுக்கும். இரண்டு அங்குலத் தெர்மகோல் அட்டைகளைப் பரப்பி, அதன்மேல் ஷீட்டைக் கிடத்தி, நாலடி நீளம் இரண்டரை அடி அகலத்துக்கு மேற்பலகையை எடுங்கள். மிச்சத்தை ஐந்து அங்குலக் கீற்றுகளாக அறுங்கள். நீளவாக்கில் மூன்று, குறுக்கே ஐந்து. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கீற்றிலும் பாதி ஆழத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுங்கள். பசையோ திருகோ வேண்டாம். செங்குத்தாக நிற்கும் கீற்று வளையாது, சட்டம் தட்டையாக நிற்கும். வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டாகக் கட்டிவிடலாம். மிஞ்சிய கீற்றிலும் ரீப்பரிலும் கீல் வைத்து இரண்டு மடக்குக் கால்கள் செய்யுங்கள். உயரம், நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. பலருக்கு அது 32 முதல் 34 அங்குலம். நாலடி மேசையில் எட்டடி ஷீட்டை அறுக்க, எட்டடி நீளமுள்ள மூன்றுக்கு இரண்டு ரீப்பர் மூன்றை மேசைமேல் நீளவாக்கில் நீட்டி, அவற்றின்மேல் ஷீட்டைக் கிடத்தலாம். வட்டு ரீப்பரை இரண்டு மில்லி கீறும், அதனால் நட்டமில்லை.

நூறு துளைகளும் தேவையில்லை. மேற்பலகையில் ஒரு மூலைத் துளையிலிருந்து நீளவாக்கில் 800 மில்லியில் ஒன்று, அகலவாக்கில் 600 மில்லியில் ஒன்று. இரண்டு நுனிகளுக்கும் இடையே சரியாக 1000 மில்லி வந்தால் அது மூலைமட்டம். கொத்தனாரும் தச்சரும் மனைக்கு மட்டம் பிடிக்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து கணக்கு. லேத் பட்டறையில் 20 மில்லி ஊசிகள் கடைந்து வாங்கி, ஒரு வரிசை ஊசியில் பலகையையும் இன்னொரு வரிசையில் டிராக்கையும் ஒட்டி வைத்தால் வெட்டு செங்கோணத்தில் விழும். சோதிக்கவும் வழி உண்டு. ஒரு துண்டின் நான்கு பக்கத்தையும் வரிசையாக வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு கீற்று எடுங்கள். அந்தக் கீற்றின் இரு முனை அகலத்தில் இருக்கும் வேறுபாடு, ஒரு வெட்டின் பிழையைப்போல் நான்கு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத கோணல் அதில் அளக்கக் கிடைக்கும்.

டிராக் சா வாங்க இயலாதவருக்கும் இந்த மேசை உதவும். ஆறு மில்லி பிளைவுட் பட்டைமேல் நேரான ஒரு கட்டையை ஒட்டி, சாதாரணக் கைவட்ட ரம்பத்தை அதை ஒட்டி ஒருமுறை ஓட்டினால், பட்டை தன் விளிம்பைத் தானே பெற்றுவிடும். செலவு மிகக் குறைவு, தத்துவம் அதே ஜெர்மன் தத்துவம்.

பிறகு ஷீட்டின் வாழ்நாள் ஓடுகிறது. லாஃப்ட்டும் சமையலறைக் கப்போர்டும் பூஜை அலமாரியும் இந்த மேசைமேல் உருவாகும். மேற்பலகையில் கீறல்மேல் கீறல் ஏறும். ஒருநாள் அதைத் திருப்பிப் போட வேண்டும். பின்னொரு நாள் மாற்ற வேண்டும். சட்டமும் கால்களும் அப்படியே நிற்கும். வெட்டை வாங்கிக்கொள்வது மேற்பலகையின் கடமை. தழும்பில்லாமல் இருந்தால் மேசை வேலை செய்யவில்லை என்றே பொருள். மழைக்கு ஒதுக்கி, தரையிலிருந்து தூக்கி வைத்தால் கரையானுக்கும் தப்பும்.

வீட்டுக்காரர்கள் பிளைவுட் தரத்தையும் மைக்காவின் நிறத்தையும் கடை கடையாக ஏறிப் பார்க்கிறார்கள். அந்தப் பலகையை வெட்டும் மனிதர் எங்கே நின்று வெட்டுவார் என்று கேட்பவர் குறைவு. மேசை அவர் முழங்காலையும் விரலையும் காக்கிறது. உங்கள் கதவு நிலையில் சரியாகப் பொருந்துவதற்கும் அதுவே காரணம். அந்தச் செலவைத் தச்சரின் தலையில் கட்டாமல் வீட்டுச் செலவில் சேர்ப்பதே நியாயம். ஷீட் கணக்கு எழுத உட்காரும்போது முதல் வரியில் எழுதுங்கள்: தச்சரின் மேசைக்கு ஒன்று. வேலை முடிந்ததும் அதை அவரோடே அனுப்புங்கள். அடுத்த வீட்டு வேலையும் நேராக வரும்.