கெடு தாண்டினால் வீடு போகுமா?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த நாட்களில் பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டுவது எனக்கு ஒரு பழக்கம். அதில் ஒருவகைப் பத்திரம் அடிக்கடி கண்ணில் படும். வீட்டையோ நிலத்தையோ ஈடு வைத்துக் கடன் வாங்குவார்கள். இன்ன தேதிக்குள் பணம் தராவிட்டால் இதுவே கிரயமாகிவிடும் என்றும் எழுதிக் கொடுப்பார்கள். அறுப்பு பொய்த்தால் கெடு தாண்டும். தாண்டினால் வீடு போச்சு.

1858 முதல் சென்னைக் கோர்ட்டுகள் கடன்காரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன. கெடு தாண்டினாலும் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்றன. ஆனால் 1870-ல் பட்டாபிராமையர் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஒப்பவில்லை. இந்த ஊர் வழக்கப்படி எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டது. 1875-ல் தம்புசாமி முதலியார் வழக்கிலும் அதே கருத்துதான். இந்தக் குழப்பத்தைச் சட்டம் போட்டுத் தீருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தமட்டில் நல்லது!

1882-ல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. அதன் 60-வது பிரிவுதான் பெரிய ஆறுதல். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கோர்ட்டு தீர்ப்பால் மீட்பு உரிமை முடியும்வரை அசலும் வட்டியும் கட்டி வீட்டை மீட்கலாம். மீட்க வழக்குப் போட முன்பு 60 வருஷம் அவகாசம் இருந்தது. 1963-ம் வருஷச் சட்டம் அதை 30 ஆக்கியது.

இதில் ஒரு கண்ணி உண்டு. 1929 திருத்தத்துக்குப் பிறகு, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருந்தால்தான் அதை அடமானம் என்பார்கள். கிரயம் ஒரு பத்திரம், திரும்ப விற்கும் உடன்படிக்கை வேறொரு பத்திரம் என்று எழுதினால் அடமானம் என்று வாதாட முடியாது. கடன் கொடுத்தவர்கள் இதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டு பத்திரமாக எழுத வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

புரோநோட்டுக் கடன் வேறு ரகம். அது வீட்டைத் தொடுவதில்லை. வழக்காகி டிக்ரியான பிறகு ஜப்தி வரும். அமீனா தமுக்கு அடித்து, கதவில் நோட்டீஸ் ஒட்டுவார். அதன்பின் வீட்டை யாருக்கு விற்றாலும் டிக்ரிதாரருக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. அதேசமயம், ஜப்திக்கு முன்பே அடமானம் இருந்தால் அதுதான் முந்தும். ஏலத்தில் விலை போவது கடனாளிக்கு அந்த வீட்டில் மிச்சமிருக்கும் உரிமை மட்டுமே. வில்லங்கம் பார்க்காமல் மலிவு என்று ஏலம் எடுத்தவர், பழைய அடமானத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

ஏலம் முடிந்தாலும் கை கழுவ வேண்டாம். ஏலம் நடந்த 60 நாளைக்குள், ஏல அறிவிப்பில் கண்ட பாக்கியையும், ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதம் எடுத்தவருக்கும் கோர்ட்டில் கட்டி மனுப் போட்டால் ஏலம் ரத்தாகும். மனு மட்டும் போதாது, பணத்தையும் அதற்குள் கட்டியாக வேண்டும்.