கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

(உலக நோயாளர் தினத்தன்று வானொலியில் ஒலித்த மறையுரை)



பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாக இருந்தபோது, 1992-இல் இந்த நாளை உலக நோயாளர் தினமாக அறிவித்தார். இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்துவிட்டது. திருப்பலியில் நாம் கேட்ட நற்செய்தியும் ஒரு நோயாளரைப் பற்றியது. மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில், தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாள்படியிட்டு வேண்டுகிறார்.

இயேசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நூற்றுவர் தலைவரின் ஊழியரை, அந்த வீட்டுக்குப் போகாமலே குணமாக்கியவர் அவர். ஆனால் இங்கே கையை நீட்டுகிறார், தொடுகிறார். மோசேயின் சட்டப்படி பாளையத்துக்கு வெளியே தனியாக வாழவேண்டிய மனிதர் அவர். எத்தனை ஆண்டுகளாக அவர்மேல் இன்னொரு மனிதரின் கை படாமல் இருந்ததோ! நோய் நீங்கிய பிறகு இயேசு அவரைத் தொடவில்லை. நோயோடு இருக்கும்போதே தொட்டார். முதலில் தொடுதல், பிறகு குணம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று உங்களுக்கு ஒரு மருத்துவரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர். நம் சேர்வராயன் மலைக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள்; சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொல்லிமலைக்கு 70. அந்தச் சாலையெல்லாம் பின்னாளில் வந்தது. 1914 ஜூலை 17-ஆம் நாள் பால் பிராண்ட் அங்கே பிறந்தபோது, மேலே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், அல்லது டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி மக்கள் அந்த மலையில் இரவு தங்கவும் அஞ்சிய காலம்.

தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபை மறைப்பணியாளர்கள். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். ஆனாலும் மலை மக்களுக்கு மருந்து கொடுத்தவர், பல் பிடுங்கியவர், கட்டிகளைக் கீறிச் சீழ் எடுத்தவர் அவர்தான். வீடு கட்டவும் மரவேலை செய்யவும் அவரே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இரத்தத்தையும் சீழையும் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன் பாலுக்கு மருத்துவம் என்றாலே அருவருப்பு. என்ன ஆனாலும் மருத்துவன் மட்டும் ஆகமாட்டேன் என்று அந்த வயதிலேயே முடிவு செய்துகொண்டான்.

ஒருநாள் மூன்று பேர் அந்த வீட்டுக்கு வந்தார்கள். தொழுநோயாளர்கள். எல்லாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்கும் தந்தையின் முகம் மாறியதைப் பிள்ளைகள் கண்டார்கள். அவர் பிள்ளைகளை விலகிப் போகச் சொன்னார். கைகளில் உறை மாட்டிக்கொண்டார். அந்த மனிதர்களின் கால் புண்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டினார். தாய் ஒரு கூடையில் உணவு கொண்டுவந்து வைத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடை எரிக்கப்பட்டது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று உத்தரவு.

அந்தத் தந்தையைக் குறை சொல்ல முடியாது. நோய் எப்படிப் பரவுகிறது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியாத காலம். வீட்டில் சிறு குழந்தைகள். அப்படியிருந்தும் அவர் அந்த மூவரையும் விரட்டிவிடவில்லை. குனிந்து கால்களைக் கழுவினார். அன்பும் அச்சமும் ஒரே வீட்டில் இருந்தன. அந்த இரண்டையுமே மகன் பார்த்து வளர்ந்தான்.

9 வயதில், 1923-இல், படிப்புக்காக அவன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அதற்குப் பிறகு தந்தையை உயிரோடு பார்க்கும் பேறு அவனுக்குக் கிடைக்கவில்லை. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். தந்திச் செய்தி உடனே போய்விட்டது. ஆனால் அவர் எழுதிப் போட்டிருந்த கடிதங்கள் கப்பலில் மெதுவாகத்தான் போயின. தந்தை இறந்த செய்தி வந்த பிறகு தந்தையின் கடிதம் வருகிறது! மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி, கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம். 15 வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளை அதை எப்படி வாசித்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

தந்தையைப்போலத் தானும் கட்டட வேலை தெரிந்த மறைப்பணியாளராக வேண்டும் என்று பால் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். பிறகு மறைப்பணிக்கான பயிற்சியின் பகுதியாகக் கொஞ்சம் மருத்துவம் படிக்க நேர்ந்தது. அங்கேதான் அவருடைய மனம் திரும்பியது. இலண்டன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். போர்க்காலம், குண்டுவீச்சில் சிதைந்து வருவோருக்கு இரவு பகலாக அறுவைச் சிகிச்சை. படிக்கும் நாட்களில் அறிமுகமான மார்கரெட் பெர்ரியை 1943-இல் மணந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அழைப்பு வந்தது. அவர் முன்னே வர, அடுத்த ஆண்டு மார்கரெட் இரண்டு கைக்குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்.

1947-இல் பால் பிராண்ட் செங்கல்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவ இல்லத்தைப் பார்க்கப் போனார். டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைத்துப்போய்க் காட்டினார். எங்கு பார்த்தாலும் மடங்கிப்போன விரல்கள், குட்டையாகிப்போன கைகள். எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர்கள் இந்தக் கைகளுக்கு இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்று பால் கேட்டார். இவர்கள் பக்கம் அப்படி ஒருவரும் வந்ததில்லை என்பதுதான் பதில்.

அப்போது பால் ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உறை இல்லாத கை. அந்த நோயாளி பிடித்த பிடியில் பால் வலி தாங்காமல் துடித்துப்போனார். அவ்வளவு பலம்! செத்துப்போனது என்று எல்லாரும் நினைத்த கைக்குள் உயிருள்ள தசை இருந்தது. கையுறை மாட்டிய தந்தையின் மகன் வெறும் கையை நீட்டினார். அந்தத் தொடுதலில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்ந்துவிடுகின்றன என்று அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார்கள். கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்தால் உணர்ச்சி போய்விடும், வலி தெரியாது. வலி தெரியாத கை, கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கும். ஆணி குத்தியதை அறியாது. புண்ணோடு நாள் முழுவதும் வேலை செய்யும். இரவோடு இரவாகச் சிலருக்கு விரல் காணாமல் போவது பெரும் புதிராக இருந்தது. ஒருவர் விழித்திருந்து பார்த்தபோது புரிந்தது: தூங்கும்போது எலிகள் கடித்துத் தின்கின்றன, கடிபடுகிறவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். உயர்ந்த மருத்துவ ஆராய்ச்சியின் முடிவு ஒரு பூனை!

முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு இணைத்து, மடங்கிய கையை மீண்டும் திறக்க வைக்கும் அறுவைச் சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்தார். விரல்கள் விரிந்தன. ஆனால் ஒருவர் வந்து குறைப்பட்டுக்கொண்டாராம்: கை நன்றாகிவிட்டதால் இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை, நோய் இருந்தவன் என்பதால் வேலையும் தருவதில்லை. கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வாழ்வு வேண்டும் என்று டாக்டருக்குப் புரிந்தது. வேலூரில் புதுவாழ்வு மையம் பிறந்தது. அங்கே நோயிலிருந்து மீண்டவர்கள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். இளமையில் வீணாய்ப் போனதாகத் தோன்றிய தச்சுப் பயிற்சி, ஆண்டவருடைய திட்டத்தில் வீணாகவில்லை. உணர்ச்சியற்ற பாதங்களுக்காக அவரும் மற்றவர்களும் அன்று செய்த ஆய்வுகளின் பயனைத்தான் இன்று நம் பங்கில் சர்க்கரை நோயாளிகள் பலர் காலில் போட்டிருக்கிறார்கள், எம்.சி.ஆர். செருப்பு என்று நீங்கள் சொல்வது அதுதான்.

இனி அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். ஒரு மகன், ஐந்து மகள்கள். ஆறு பிள்ளைகளின் தாயான மார்கரெட் வீட்டோடு நின்றுவிடவில்லை. தொழுநோயாளர்கள் கண்ணிமைக்கும் உணர்வை இழந்து பார்வை இழப்பதைக் கண்டு, கண் மருத்துவத்தைப் புதிதாகக் கற்று, அதில் உலகம் மதிக்கும் வல்லுநரானார். கணவர் கைகளையும் கால்களையும் பார்த்தார். மனைவி கண்களைப் பார்த்தார். 1966-இல் குடும்பம் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோதும் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள்.

தாய் ஈவ்லின் என்ன ஆனார்? கணவர் இறந்த பின்னும் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். சபை ஓய்வு கொடுத்தபோது ஏறக்குறைய 70 வயது. அவர் நேரே மலைக்கு ஏறிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. புகழ்பெற்ற அறுவை மருத்துவரான மகனே வந்து கீழே இறங்கச் சொல்லியும் கேட்கவில்லை. 1974-இல், 95 வயதில் இறந்தபோது, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகன் பால் 2003 ஜூலை 8-ஆம் நாள், அமெரிக்காவில் தம் 88-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கத்தோலிக்கர் அல்லவே, சாமி, என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கண் மருத்துவம் செய்த, 13 பிள்ளைகளின் தந்தையான ஹங்கேரி நாட்டு லாஸ்லோ பட்டியானியை நம் திருச்சபை அதே 2003-ஆம் ஆண்டில் அருளாளராக உயர்த்தியது. அவரைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். ஆனால் பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் தூய ஆவியாரின் கொடைகளை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அதுவும் பக்கத்து மலைக்காரர்!

பால் பிராண்டின் வாழ்வில் ஓர் இரவு உண்டு. நெடுந்தூரம் பயணம் செய்து இலண்டன் வந்து இறங்கியவர், காலணியைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்வு இல்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நினைத்தார். அந்த இரவு முழுவதும் தூக்கம் இல்லை. மனைவி, குழந்தைகள், இனி அவர்களைத் தொடலாமா என்ற வேதனை. விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுள்ளென்று வலித்தது! நெடுநேரம் உட்கார்ந்ததால் நரம்பு மரத்துப் போயிருந்ததுதான் காரணம். வலித்ததற்காக அன்று அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அந்த ஓர் இரவு அவர் பட்ட வேதனையை வாழ்நாள் முழுவதும் பட்டவர்கள் எத்தனை பேர்! தொழுநோய்க்குப் பல மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட்டால் முழுவதும் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆயினும் கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் வந்தால் அதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நம் நாட்டுச் சட்டங்களில் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. உடல்நலத்திலும் நோயிலும் பிரியேன் என்று பீடத்தின்முன் வாக்குக் கொடுத்தவர்களுக்கும்கூட!

நான் சட்டத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. குருப்பட்டம் பெற்ற புதிதில், நற்கருணை வாங்கும் வரிசையில் விரல்கள் மடங்கிய ஒரு பெரியவர் வந்து இரண்டு கைகளையும் ஏந்தினார். நான் நற்கருணையை அவர் கையில் வைக்கவில்லை. என் விரல் படாதபடி மேலிருந்து விட்டேன். அவர் அதைத் தவறவிடாமல் தாங்கிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆமென் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இறையியல் படித்த நான் அன்று கையுறை மாட்டியிருந்தேன். அது கண்ணுக்குத் தெரியாத உறை. அவருடைய விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. எனக்கோ நெஞ்சில் உணர்ச்சி இல்லை.

நாம் ஒரே உடலின் உறுப்புகள் என்கிறார் பவுலடியார். ஓர் உறுப்பு துன்புற்றால் மற்றவையும் அதை உணர வேண்டும். உணரவில்லை என்றால் அந்த உடலுக்கு நோய். கொட்டச்சேட்டில் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெற்றோர் தனியே படுத்திருக்கும் வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பணம் வருகிறது, மாத்திரை வருகிறது. கை மட்டும் வருவதில்லை. உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமலை மறைத்துக்கொண்டு, மகள் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருப்பவர் எவராவது இருந்தால், ஐயா, அம்மா, காத்திருக்காதீர்கள். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் கையும் காலும் காப்பாற்றப்படும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோயாளரின் வீட்டுக்குப் போங்கள். பழம் வாங்கிப் போவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கொல்லிமலை வீட்டில் ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருந்ததைப்போல, நம் பிள்ளைகளும் நம் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செபிப்போம்: ஆண்டவராகிய இயேசுவே, தொழுநோயாளரை நோயோடு இருக்கும்போதே தொட்டவரே, எங்கள் கைகளில் நாங்கள் மாட்டியிருக்கும் உறைகளைக் கழற்றிவிடும். எங்கள் இல்லங்களில் வாடும் நோயாளர்களுக்கும், அவர்களைப் பேணுகிற மருத்துவர், செவிலியர், குடும்பத்தார் அனைவருக்கும், லூர்து அன்னையின் பரிந்துரையால் உமது ஆறுதலைத் தாரும். ஆமென்.