பெல்லட் அடுப்பு: தரைக்காப்பும் இடைவெளியும்

பெல்லட் என்பது மரத்தூள், கடலைத் தோல் போன்ற கழிவுகளை உலர்த்தி அரைத்து, மிகுந்த அழுத்தத்தில் சிறு உருளைத் துண்டுகளாகப் பிழிந்தெடுக்கும் எரிபொருள். மல்லாட்டை என்று ஊர்ப்பேச்சில் வழங்கும் நிலக்கடலை திருவண்ணாமலை வட்டாரத்தின் முக்கியப் பயிர் என்பதால், இதற்கான மூலப்பொருள் இங்கே வயலிலேயே கிடைக்கிறது. இந்த எரிபொருளுக்கான வீட்டு அடுப்பு ஒன்று தமிழ்நாட்டில் பரவலாக விற்கப்பட்டதும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பைக் கொண்டு பி.பி. நிறுவனம் 2006இல் ‘ஊர்ஜா’ அடுப்பைத் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் இறக்கியது. 2009இல் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் அதை ஏற்றது. ஏறத்தாழ 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பின்னர் பெல்லட்டின் விலை ஏறவே வீடுகளில் அதன் புழக்கம் குறைந்து, உணவகங்களையும் பெரிய சமையற்கூடங்களையும் நோக்கி அந்தத் தொழில் நகர்ந்தது.

இத்தகைய அடுப்பை நிறுவும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அடியில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒன்று. சுற்றிலும் மேலேயும் எவ்வளவு தூரம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது தரைக்காப்பு, பின்னது இடைவெளி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுத் தரை பெரும்பாலும் மரப்பலகையால் ஆனது. அதனால் அங்கே அடுப்பு வைப்பவர் முதலில் தரையைத்தான் பார்க்கிறார். கனடாவின் விதிப்படி, எரியாத பொருளாலான தரைக்காப்பு அடுப்பின் வாய்ப்பக்கம் 45 சென்டிமீட்டரும் மற்றப் பக்கங்களில் 20 சென்டிமீட்டரும் வெளியே நீண்டிருக்க வேண்டும். திருவண்ணாமலையில் தரை சிமென்ட், மொசைக், கடப்பா அல்லது கருங்கல். மேலே இருப்பதோ பல இடங்களில் தென்னங்கீற்று. மாடி வெயிலைத் தணிக்க மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போடுவது இங்கே சாதாரண வழக்கம். உணவுக்கடைகளும் அன்னதானப் பந்தல்களும் அப்படியே. ஆகவே இந்த ஊரில் அந்த வரிசை தலைகீழாக வேண்டும். மேலேயும் பக்கங்களிலும் உள்ள இடைவெளியே உயிர் காப்பது. தரைக்காப்பு அதற்கு அடுத்தது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி வகுப்பறைகளின் மேல் விழுந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே தரை எரியவில்லை. அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய தூரமும், எரியாத கூரையும் இல்லாததே அந்தத் தீக்கு வழிவிட்டது. விபத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. பள்ளிக்கு வெளியே, வீட்டு மாடிகளிலும் கடைகளிலும், அதே கூரையின் கீழ் அதே அடுப்பு இன்னும் எரிகிறது என்பதை மறந்துவிடலாகாது.

பெல்லட் அடுப்பில் பொறி பறக்காதே என்று மறுப்பு வரலாம். பாதி உண்மை. ஊர்ஜா போன்ற அடுப்பில் பெல்லட்டை அறையில் நிரப்பி மேலிருந்து பற்றவைக்கிறார்கள். அடியிலுள்ள சிறு விசிறி காற்றை ஊதுகிறது. வெப்பத்தில் பெல்லட்டிலிருந்து வெளிவரும் வாயு மேல் துளைகளின் காற்றோடு கலந்து எரிகிறது. விறகைப் போல வெடித்துச் சிதறுவதும் கரும்புகை எழுவதும் மிகவும் குறைவுதான். ஆனால் சுவாலை அடங்கியபின் அறையின் அடியில் கங்கு தங்கிவிடுகிறது. விசிறியின் மின்கலம் தீர்ந்தால் புகை கிளம்புகிறது, கூடவே நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடும். பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்து தீப்பிடித்தால் சுவாலை ஒரே வீச்சில் மேலேறும். அடுப்பு எவ்வளவு நயமானதானாலும் கீற்றுக்கு அது தெரியாது.

எவ்வளவு இடைவெளி? சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற அடுப்பானால் உற்பத்தியாளர் பொறித்துள்ள அளவே இறுதி. நவீன பெல்லட் அடுப்புகள் பலவற்றுக்கு அது சில அங்குலங்களில் முடிந்துவிடும். சான்றில்லாத விறகு அடுப்புக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211ஆம் தரநூல் 36 அங்குலம், அதாவது சுமார் 91 சென்டிமீட்டர் கேட்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த பெல்லட் அடுப்புக்கும் இந்த அளவைக் கொள்வதே அறிவு. வெப்பக் கதிர் தூரத்தோடு வேகமாகத் தணியும் என்பது இதன் அடிப்படை. சிறிய அனற்பரப்பிலிருந்து விலகி நிற்கையில் தூரத்தை இரட்டித்தால் வந்து படும் வெப்பம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும்.

பத்துக்குப் பத்து அறையில் மூன்றடி விடுவது நடக்கிற காரியமா என்பது நியாயமான கேள்வி. அதற்கும் அதே தரநூலில் வழியுண்டு: மரத்தடுப்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி ஓர் இரும்புத் தகட்டை நிறுத்தினால் 36 அங்குலத்தை 12 வரை குறைக்கலாம். இதில் காப்பது தகடு மட்டுமல்ல, தகட்டுக்குப் பின்னால் ஓடும் காற்று. அது கீழே நுழைந்து சூட்டை அள்ளிக்கொண்டு மேலே வெளியேற வேண்டும். எனவே தகட்டின் அடியும் தலையும் திறந்திருப்பது கட்டாயம். தகட்டைப் பலகையோடு ஒட்ட அறைந்துவிட்டால் பார்வைக்குப் பாதுகாப்பு, உள்ளே பலகை நாள்தோறும் கருகும். கீற்றுக்கு இந்தச் சலுகையை நான் ஒப்பமாட்டேன். அடுப்புக்கு மேலுள்ள பகுதியையாவது கீற்றை நீக்கி ஓடோ இரும்புத் தகடோ வேய்ந்துவிட வேண்டும்.

தரைக்காப்பு இங்கே தேவையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல; அதன் வேலை மாறுகிறது, அவ்வளவுதான். கங்கு விழுந்தால் தாங்குவது ஒன்று, இடைவிடாத சூட்டை மறிப்பது வேறு. கருங்கல் பலகை முன்னதைச் செய்யும், பின்னதைச் செய்யாது; கல் சூட்டைக் கடத்தும். மரப் பரண்மேல் அல்லது வினைல் விரிப்பின்மேல் கல்லைப் போட்டு அடுப்பை வைத்தால் அடியில் உள்ளது மெல்ல வேகும். கால்களால் உயர்த்திய அடுப்பு, அதன்கீழ் காற்றோட்டம், அதற்கும் கீழே செங்கல் வரிசை என்ற அமைப்பு இரண்டு வேலையையும் பார்க்கும். சிமென்ட் தரை எரியாது. ஆனால் 300 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் காங்கிரீட் வலுவிழக்கத் தொடங்கும். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் சூட்டில் விரிவதால் கல் தெறிப்பதுமுண்டு. மணிக்கணக்கில் எரியும் கல்யாண மண்டப அடுப்புகளைச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டும் வழக்கத்தில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது.

இடைவெளி என்ற கருத்தே இந்த ஊருக்குப் புதிதல்ல. அக்னித் தலமான இங்கே கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் ஆளுயரக் கொப்பரை 11 நாள் எரிகிறது. கீழே வெறும் பாறை, மேலே வானம். அதே மலையின் சரிவில் கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்பதால், தீத்தடுப்புக் கோடு என்று புல்லைச் செதுக்கி வெறும் நிலப்பட்டை விடுகிறார்கள். அடுப்பைச் சுற்றி விடும் மூன்றடியும் அதே கோடுதான்.

அந்தக் கோட்டுக்குள் பெரும்பாலும் நுழைந்துவிடுவது எரிபொருள் மூட்டையே. ஈரம் பட்டால் பெல்லட் ஊதி உதிரும் என்பதால் அதை அடுப்பின் கதகதப்பில் வைக்கத் தோன்றும். கூடாது. மூட்டை இடைவெளிக்கு வெளியே, தரையில் படாமல் பலகைமேல், எதிர்ச்சுவர் ஓரமாக இருக்கட்டும். சாம்பலை அள்ளியதும் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, ஒரு நாள் முழுதும் ஆறவிட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். வாளியை வைக்குமிடம் கீற்றுக் கொட்டகைக்கு வெளியே.