ஒரே பெயரில் இரண்டு லிஸ்ட்

1998 டிசம்பரில் ஜாவா 1.2 வெளிவந்தது. அதுவரை ஒழுங்காகக் கம்பைல் ஆன சில நிரல்கள், ஓர் எழுத்துகூட மாறாமலே, புதிய பதிப்பில் பிழை காட்டி நின்றன. காரணம் ‘லிஸ்ட்’ என்ற பெயர். திரையில் தேர்வுப் பட்டியல் காட்டும் லிஸ்ட், ‘ஜாவா.ஏடபிள்யூடி’ தொகுப்பில் முதல் பதிப்பிலிருந்தே இருந்தது. தரவுகளை வரிசையாக வைக்கும் இன்னொரு லிஸ்ட், 1.2இல் ‘ஜாவா.யுடில்’ தொகுப்புக்குள் வந்து சேர்ந்தது. இரண்டு தொகுப்புகளையும் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக இறக்குமதி செய்திருந்தவர்களிடம், எந்த லிஸ்ட் வேண்டும் என்று கம்பைலர் கேட்டது.

நிரல் எழுதியே பிழைக்கும் எனக்கு, அந்தக் கேள்வி பெரிய உதவியாகவே படுகிறது. ‘இம்போர்ட் ஜாவா.யுடில்.லிஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெயர் குறிப்பிட்ட இறக்குமதி நட்சத்திரத்தை வென்றுவிடும்.

பைத்தான் வேறு வழியில் போனது. அங்கே பின்னால் வந்த பெயர் முன்னதைச் சத்தமில்லாமல் மூடிவிடும். ‘ஓஎஸ்’ தொகுப்பை நட்சத்திரம் போட்டு இழுத்தால், மொழியோடு வரும் ‘ஓப்பன்’ மறைந்து, வேறு விதமாக வேலை செய்யும் ‘ஓஎஸ்.ஓப்பன்’ அந்த இடத்தில் உட்காரும். கோப்பைத் திறக்கும் வரி எங்கோ தள்ளியிருக்கும். பிழை அங்கேதான் தலைகாட்டும். ஆனால் 2000இல் வந்த பைத்தான் 2.0, ‘ஆஸ்’ போட்டு மறுபெயர் சூட்டும் வசதியைத் தந்தது. ஜாவாவில் அது இன்றும் இல்லை. இரண்டு லிஸ்ட்டும் ஒரே கோப்பில் தேவைப்பட்டால், ஒன்றை ஒவ்வொரு முறையும் முழுப் பெயரோடு எழுத வேண்டும்.

பெயர்கள் மோதினால் மொழி நின்று கேட்க வேண்டும். மறுபெயர் சூட்டவும் இடம் தர வேண்டும். இரண்டும் சேர்ந்த மொழியே நிரலாளருக்கு நியாயம் செய்கிறது.