பெரிய வெளியும் ஆளில்லாத நிலமும்

"எலிய" என்ற சிங்களச் சொல்லுக்கு வெளிச்சம் என்றும் பொருள் உண்டு, வெளி என்றும் பொருள் உண்டு. தமிழில் வெளியும் வெளிச்சமும் அடுத்தடுத்து நிற்பதைப் போலத்தான். நுவரெலியா என்ற பெயரில் வரும் அதே "எலிய"தான் அதற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஓர் இடத்தின் பழைய பெயரிலும் இருக்கிறது. மஹா எலிய. பெரிய வெளி. இன்று நாம் அதை ஹோர்ட்டன் சமவெளி என்கிறோம்.

மத்திய மலைநாட்டில் தேயிலையும் லயமும் இல்லாத பெரிய நிலப்பரப்புகள் குறைவு. இது அவற்றில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், 3,160 ஹெக்டயர் பரப்பில் புல்வெளியும் குட்டை மரக்காடும் மாறி மாறிக் கிடக்கின்றன. 2,395 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தவும் 2,357 மீற்றர் உயரமான தொட்டுபொலவும் இங்கேதான் எழுகின்றன. தெற்கு ஓரத்தில் நிலம் சட்டென்று முடிந்து சுமார் 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. அதுதான் உலக முடிவு. கீழே பலாங்கொடைப் பக்கத்துச் சமவெளி. காலை பத்து மணிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் மூடுபனியைத்தான் பார்க்கலாம்.

வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்களை விட்டால் இங்கே குடியிருப்போர் இல்லை. ஒரு தடவை சுற்றுலா கூட்டிப் போன பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "சேர், எங்கட லயத்துல ஒரு காம்பராவுக்குள்ள எட்டுப் பேர் இருக்கிறம். இங்க இவ்வளவு நிலம் சும்மா கிடக்குதே, ஏன் ஒருத்தரும் இல்ல?" நிலத்தில் ஆளில்லை என்பதை யார், எப்போது, எதற்காகத் தீர்மானித்தார்கள் என்பதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கண்டுபிடித்தவர்கள்

1834இல் லெப்டினன்ட் வில்லியம் ஃபிஷர், லெப்டினன்ட் ஆல்பர்ட் வொட்சன் என்ற இரண்டு ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் இந்த இடத்தைக் "கண்டுபிடித்தார்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் இருந்தால் அங்கே போய் வந்த மனிதர் இருந்தார்கள் என்றுதானே பொருள். பலாங்கொடைக் கலாசாரத்தைச் சேர்ந்த கற்கருவிகள் இந்தச் சமவெளியில் கிடைத்திருக்கின்றன. சதுப்பு மண்ணில் படிந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், பனியுகம் முடியும் காலத்திலேயே மனிதர் இங்கே புல்லை எரித்ததற்கும் கால்நடை மேய்த்ததற்கும் தடயம் உண்டு என்கிறார்கள்.

அன்றைய ஆளுநர் சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் இந்த வெளிக்கு வைக்கப்பட்டது. 1831 முதல் 1837 வரை ஆண்டவர். இலங்கைக்கு வருவதற்கு முன் இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான துணைச் செயலாளராக இருந்தார். அங்கே அவர் விடாமல் பேசிய ஒரே திட்டம், பிரித்தானியாவின் ஏழைகளைக் கப்பலேற்றிக் கடல் கடந்த நாடுகளில் குடியமர்த்துவதுதான். அவர் இங்கு ஆண்ட காலத்திலேயே, 1832இல், இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டது. கிராமத்தவரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க முடியாமல் போனது. தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்யவும் கண்டிக் கிராமத்தவர் அவ்வளவாக முன்வரவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென்னிந்திய ஏழைகள் கப்பலிலும் தோணியிலும் மன்னார்க் கரைக்கு வந்து, மாத்தளை வழியாக நடந்தே மலையேறினார்கள். ஏழைகளை இடம் மாற்றும் திட்டக்காரரின் பெயர், யாருமே குடியேறாத இடத்துக்குத்தான் வாய்த்தது.

சட்டத்தில் ஒரு சொல்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைப் படித்தால்தான் மலைநாட்டு வரலாறு விளங்கும். காடு, தரிசு, ஆட்சியில் இல்லாத நிலம், பயிர் செய்யப்படாத நிலம் ஆகிய எல்லாமே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அது கருதியது. கண்டிக் கிராமத்தவரின் சேனை நிலமும் மேய்ச்சல் நிலமும் விறகுக் காடும் எழுத்தில் உறுதி இல்லாதவை. உறுதி இல்லாவிட்டால் ஆளில்லை. ஆளில்லாவிட்டால் அரசுக்கு. அரசிடமிருந்து தோட்டத் துரைமாருக்கு. 1897இன் தரிசு நிலச் சட்டம் இதே வழியில் இன்னும் ஒரு படி போனது.

உண்மையில் இந்த மலைகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தவை அல்ல. கண்டி அரசில் மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் நம் முன்னோர் பலர் பணியாற்றினார்கள். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறின. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. 1894இல் பட்டிப்பொல, ஓஹிய வழியாகப் பண்டாரவளைக்கும் போய்ச் சேர்ந்தது. தவள மாடுகள் ஓய்ந்தன. தோட்டப் பட்டினங்களின் கடைவீதிகளில் நம்மவர் கடை வைத்தார்கள்.

தேயிலை ஏறாத உயரம்

அப்படியானால் மஹா எலிய எப்படித் தப்பியது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைநோய் வந்தது. அடுத்த இருபது வருடத்தில் தேயிலை மலைமேல் மலையாக ஏறியது. இதற்கிடையில் 1873இல் தாவரவியலாளர் சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விட வேண்டும் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதற்கேற்ப நிர்வாகக் கட்டளையும் பிறந்தது. நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடியிலும் தேயிலை இருப்பதை நாம் காண்கிறோம்; ஆகவே அந்தக் கட்டளை எங்கும் ஒரே மாதிரி நிற்கவில்லை. இங்கே நின்றது.

ஆனாலும் சும்மா விடவில்லை. சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் நாய்களை விட்டு மரை வேட்டையாடினார்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி என்று ஒரு வேட்டைக்காரனின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யானைகள் இருந்த இடம் இது. இன்று ஒன்றுகூட இல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி புல்வெளியில் பரவியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1960களில், நமது அரசே புல்வெளியைக் கிளறி விதை உருளைக்கிழங்கு போட்டது. அந்தப் பாத்திகள் கைவிடப்பட்டன. 1969இல் இந்த இடம் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இன்று வாசலிலேயே பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை வாங்கி வைக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் சொன்ன பதில் தண்ணீரைப் பற்றியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த உயர்நிலத்திலிருந்து நீர் போகிறது. மூடுபனியை மரங்கள் பிடித்து, பஞ்சு போன்ற மண் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அவனுடைய லயத்துப் பீலித் தண்ணீர் உட்பட, மலைநாட்டுத் தண்ணீர் இப்படிப்பட்ட காடுகளின் தயவில்தான் வருகிறது. இந்த வெளி வெறுமையாக இருப்பதால்தான் கீழே குடியிருக்க முடிகிறது.

அவன் கேள்வியின் மறுபாதிக்கு இந்தப் பதில் போதாது. மேலே, ஆள் நடமாடிய நிலத்தை ஆளில்லாதது என்று சட்டம் எழுதியது. கீழே, லயங்கள் நிறைய ஆள் இருந்தும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினையின் மிச்சத்தைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. சொந்தமாகக் காணித்துண்டு என்பது பல குடும்பங்களுக்கு இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. எட்டுப் பேர் ஒரு காம்பராவில் நெருக்கியடிப்பதற்குக் காரணம் அந்தப் புல்வெளி அல்ல. தோட்டக் காணி யாருக்கு, எந்தச் சொல்லைக் காட்டிக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் காரணம் இருக்கிறது.

பட்டிப்பொல, ஓஹிய, அக்கரப்பத்தனைப் பக்கத்து முதியவர்களுக்கு ஒற்றையடிப் பாதைகளின் பெயர், ஓடைகளின் பெயர், எந்த வழியால் எந்தச் சாமான் வந்தது என்பதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கும். பழைய கடைக்காரர் வீடுகளில் கணக்குப் புத்தகங்கள் கிடக்கும். பெயரை எழுதி வைத்தவன் கையில் நிலம் போனது என்பதுதான் 1834 முதல் நாம் கண்டது. மலைநாட்டுப் பாடசாலைகளில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறவர்கள், அடுத்த தவணை ஒப்படையாக இந்தப் பெயர்களைத் திரட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். நான் என் வகுப்பில் தொடங்கிவிட்டேன்.